சாவடிப் பொய்யும் கைபேசிப் பொய்யும்

கோவை உக்கடத்திலிருந்து பாலக்காடு சாலையில் வந்து, க.க. சாவடியில் பிரிந்து தெற்கே போனால் வேலந்தாவளம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் சித்தூர் தாலுகா. பேச்சு இரண்டு பக்கமும் கொங்குத் தமிழ்தான். காய்கறிச் சந்தைக்குத் தக்காளியும் வெண்டையும் எந்த மாநிலத்து மண்ணில் விளைந்தாலும் வந்து சேரும்.

லாரிக்காரர்களைக் கேட்டால் அன்றைய வேலந்தாவளம் என்பது சோதனைச்சாவடிதான். பில்லில் காய்கறி இருக்கும், தார்ப்பாய்க்கு அடியில் அரிசி இருக்கும். எடைச் சீட்டில் ஒரு கணக்கு, வண்டி அச்சு தாங்கும் பாரம் வேறொரு கணக்கு. அந்தப் பொய்யைச் சொல்ல ஓட்டுநர் வேண்டும், மூட்டை அடுக்கியவர் வேண்டும், மேசைக்குப் பின்னால் கண்டும் காணாமல் இருக்க ஒருவர் வேண்டும். மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். பொய்க்கு முகம் இருந்தது, இடம் இருந்தது, விலையும் இருந்தது.

இதை நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. திருட்டு திருட்டுதான். ஆனால் முகம் உள்ள பொய்க்குப் பரிகாரம் செய்ய வழி உண்டு. லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயு எரிகோ நகரின் வரிதண்டுவோர் தலைவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சாவடி அதிகாரி. இயேசு வீட்டுக்கு வந்ததும் சக்கேயு அழுதுகொண்டு நிற்கவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று கணக்குப் போட்டார். யாரிடம் வாங்கினோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கணக்கைப் போட முடிந்தது.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மோட்டார் வாகனத் துறைச் சாவடிகள் பிறகும் இருந்தன. பாலக்காட்டு எல்லைச் சாவடிகளில் லஞ்ச ஒழிப்பு விஜிலென்ஸ் போலீஸ் நுழைந்து கணக்கில் வராத பணத்தை எடுத்தது என்ற செய்தியும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. பழைய பொய் முழுதாகச் சாகவில்லை. ஊரின் பேர் மட்டும் வேறொன்றுக்கு மாறிவிட்டது: லாட்டரி.

தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தது. கேரள அரசோ 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26-இல் முதல் குலுக்கலை நடத்திய அரசு. அன்று சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். 2023 திருவோணம் பம்பரில் சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. அந்தப் பரிசு, இன்னொரு எல்லை ஊரான வாளையாரில் விற்ற சீட்டுக்கு, திருப்பூரைச் சேர்ந்த நால்வருக்கு விழுந்தது. எல்லைக் கடைகளில் கூட்டம் கூடக் கேட்கவா வேண்டும்.

கடையில் வாங்கும் சீட்டில் நஷ்டம் உண்டு, பொய் இல்லை. பலகையில் கிளிப் போட்டுத் தொங்கும் காகிதம், நம்பர், மூன்று மணிக் குலுக்கல், முடிந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சூதாட்டத்தை அப்படியே பாவம் என்று சொல்லவில்லை. குடும்பத்தின் சோற்றுக்கான காசு அதில் போனால் தவறு, ஏமாற்று நடந்தால் கனமான தவறு என்கிறது. (பங்குத் திருவிழாவில் நாமே பரிசுச் சீட்டு விற்கிறோமே என்று யாராவது முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், நியாயம்தான்.)

இன்றைய ஏமாற்று அந்தக் கடைக்கே வராது, நேராகக் கைபேசிக்கு வரும். வாட்ஸ்அப்பில் ஒரு கேரள லாட்டரிச் சீட்டின் படம். அரசு முத்திரை இருக்கும், உண்மையான குலுக்கல் பெயர் இருக்கும். ஐம்பது ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பினால் போதும். மாலையில் உங்கள் நம்பருக்கு ஐந்து லட்சம் என்று, திருத்திய இன்னொரு படம் வரும். பணம் வர ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், அடுத்து ரிசர்வ் வங்கிக் கட்டணம், அடுத்து வேறொன்று. நோட்டுக் கட்டுகளை எண்ணும் வீடியோகூட அனுப்புகிறார்கள். இந்த மோசடியைப் பற்றிக் கேரள போலீஸ் பலமுறை எச்சரித்திருக்கிறது.

படம் முழுப் பொய் அல்ல என்பதுதான் இதன் சாமர்த்தியம். போப் பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைப் பற்றித்தான் எழுதினார். அதில் அவர் போன இடம் தொடக்க நூலின் பாம்பு. அது ஏவாளிடம் நேரடியாகப் பொய் சொல்லித் தொடங்கவில்லை. கடவுள் சொன்னதையே கொஞ்சம் திரித்துக் கேட்டது. அதே போப், 2013 டிசம்பர் 28-இல், கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை உருவாக்கியவர். இந்த எல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர் பலர் அதில்தான் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் அவரையே வெள்ளைப் பஞ்சுக் கோட்டு மாட்டிய மாதிரி செயற்கை நுண்ணறிவில் படம் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். பக்தியுள்ளவர்களும் சேர்ந்தே அனுப்பினார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சாவடிப் பொய்யைச் சொன்னவர்கள் முகம் தெரிந்த மூவர். கைபேசிப் பொய்யை எவனோ செய்கிறான், கொண்டு சேர்ப்பவர்கள் நாம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே செய்கிறோம். வேறு மதத்தவரைப் பற்றிய அவதூறும் இதே வழியில்தான் ஜெபக் குழுக்களுக்குள் நுழைகிறது. கேட்டால் "எனக்கு வந்ததுங்க, அனுப்பிச்சேன்" என்பார்கள்.

வள்ளுவரிடம் போனால், யாருக்கும் கேடில்லாமல் நன்மை செய்யும் பொய்க்கு இடம் கொடுப்பார். புனித அகுஸ்தீன் கொடுக்க மாட்டார். பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதியும், நல்ல நோக்கத்துக்காகக்கூட ஒரு பொய்யை அவர் அனுமதிக்கவில்லை. என் மனம் பல நாள் வள்ளுவர் பக்கம் சாயும். ஆனால் நல்லது என்று நினைத்து அனுப்பிய செய்தி எத்தனை வீட்டில் தீ வைக்கும் என்று தெரியாத இந்தக் காலத்தில் அகுஸ்தீனின் கண்டிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

கத்தோலிக்கர் எண்ணும் வரிசையில் பொய்ச்சாட்சி பற்றியது எட்டாம் கட்டளை. அதை மீறியவர் வருத்தப்பட்டால் மட்டும் போதாது, பிறருடைய பெயருக்கு வந்த சேதத்தைச் சரிசெய்யவும் கடமைப்பட்டவர் என்கிறது மறைக்கல்வி நூல். நம் பிரசங்கங்கள் இதை அதிகம் தொடுவதில்லை. ஆகவே பங்குக் குழுக்களை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொய் என்று தெரிந்த செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள். அது போன அதே குழுவில், அனுப்பியவரே "அது பொய்" என்று எழுதட்டும். லாட்டரி விஷயத்தில் இன்னும் எளிது: கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது, ஆன்லைனில் கிடையாது. பரிசு தருவதற்கு முன்பணமும் கேட்பதில்லை, வரியைப் பரிசிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.