வளையத்தின் கணக்கு

நீராவிக் குழாயின் மேல் வெப்பம் வெளியேறாமல் ஓர் உறை சுற்றுவோம். ரயில்வே ஒர்க்ஷாப்பில் அதற்கு 'லாகிங்' என்று பெயர். குழாயைக் குறுக்கே வெட்டினால் அந்த உறை ஒரு வளையமாகத் தெரியும். அதன் வெளி ஆரத்தை உள் ஆரத்தால் வகுத்து மடக்கை எடுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் கூடக் கூட வெப்ப நஷ்டம் குறையும். கணித அறிஞர்கள் இதையே வளையத்தின் 'மாடுலஸ்' என்கிறார்கள்.

கோணங்கள் மாறாதபடி தளத்தை நீட்டி வளைத்தால், வளையம் எந்த வடிவம் எடுத்தாலும் இந்த எண் மாறாது. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த உலகப் படமும் கோணம் காக்கும் வகைதான். தட்டையான தாளில் இத்தகைய உருமாற்றங்களுக்குக் கணக்கே இல்லை. முப்பரிமாண வெளியில் கதை வேறு. நகர்த்துதல், திருப்புதல், பெரிதாக்குதல், ஒரு கோளத்தின் உள்ளை வெளியாக மாற்றுதல் போன்ற சிலவற்றின் சேர்க்கை தவிர வேறு வழியே இல்லை என்று பிரான்ஸின் லியூவில் 1850-இல் நிறுவினார். தாளில் ரப்பராக இருந்தது, வெளியில் இரும்பாகி விட்டது!

எனவே கொஞ்சம் கோணலை அனுமதிக்க வேண்டியதாயிற்று. நம் அகலப் பாதையின் கேஜ் 1676 மில்லிமீட்டர் என்றாலும் சிறிது கூடக்குறைய அனுமதி உண்டல்லவா? அதுபோலத்தான். 1960-களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் கெரிங் இதற்கு வளையங்களையே அளவுகோலாக்கினார். வெளியில் வளையம் என்பது இரு கோளங்களுக்கு இடைப்பட்ட பகுதி போன்றது. எந்த வளையத்தை எடுத்தாலும் அதன் மாடுலஸ் 'கே' மடங்குக்கு மேல் கூடாமலும், 'கே'யில் ஒரு பங்குக்குக் கீழ் குறையாமலும் இருந்தால் அது 'குவாசிகன்ஃபார்மல்' உருமாற்றம்.

இதில் நம் ஊர்ப் பெருமையும் உண்டு. வட்டத் தகட்டில் மையத்திலிருந்து ஒரு கீறல் போட்டால் அதுவும் வளையமே. கீறல்தான் உள் விளிம்பு. ஜெர்மனியின் க்ரோட்ஷ் பெயரால் இது வழங்குகிறது. இதன் மாடுலஸை மூன்று மடங்கோ ஐந்து மடங்கோ ஆக்கக் கீறலை எவ்வளவு குறைக்க வேண்டும்? விடை தருபவை மாடுலர் சமன்பாடுகள். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் தம் நோட்டுகளில் எழுதிக் குவித்தவை அவைதாம்!

அதே கீறலைக் கோளத்துக்குள் போட்டால் அப்படி ஒரு சமன்பாடு இன்றளவும் கிடைக்கவில்லை. மேல் வரம்பும் கீழ் வரம்பும்தான் தெரியும்.

2005 டிசம்பர் இறுதியில் இத்துறைக்கென்றே சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு சர்வதேசப் பயிலரங்கு நடந்தது. பேராசிரியர் எஸ். பொன்னுசாமி, பின்லாந்தின் மட்டி வூரினென், ஜப்பானின் தோஷியுகி சுகாவா மூவரும் அதன் கட்டுரைகளை நூலாகத் தொகுத்தனர்.

நம் புனேயில் ஸ்ரீராம் அபயங்கர் 1976-இல் நிறுவிய பாஸ்கராசார்ய பிரதிஷ்டானம் இருக்கிறது. கணக்கில் ஆசையுள்ள பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் கம்பெனி வாசலுக்கு மட்டும் தயார் செய்யாமல், ஒருமுறை அங்கும் அழைத்துச் செல்லுங்கள். கோளத்தின் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.