உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜெட் படகுக்குப் புது இம்பெல்லர்

◆ ஜெட் படகில் இரண்டு பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும், த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் எஞ்சின் ஏறக்குறைய ஒரே ஆர்.பி.எம்.தான் காட்டும். வெளியே சுழலும் ப்ரொப்பெல்லர் படகில் அப்படி இல்லை. பாரம் கூடக் கூட எஞ்சின் திணறும். ஜெட் படகின் இம்பெல்லரோ உறைக்குள் அடைபட்டுச் சுழல்கிறது. படகின் அடியிலிருந்து தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே, "ஆள் ஏறினால் ஆர்.பி.எம். விழுகிறது, இம்பெல்லரை மாற்று" என்று படகுத்துறையில் யாராவது யோசனை சொன்னால், தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

◆ இம்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் திறன், சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்காக உயரும். 4,000 ஆர்.பி.எம்.மிலிருந்து 5,000-க்குப் போனால் வேகத்தில் கூடுவது கால் பங்கு. கேட்கும் குதிரைத்திறனோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பணத்தைக் கொட்டி எஞ்சின் திறனை 10 சதவீதம் கூட்டினாலும், 4,500-ல் நின்ற முள் சுமார் 4,645-க்குத்தான் நகரும். கோவையில் பம்பு செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. கிணற்றில் இறக்கினாலும் படகில் பொருத்தினாலும் விதி ஒன்றுதான்.

◆ ஜக்குஸி என்றால் சொகுசு விடுதியின் குமிழித் தொட்டிதான் நினைவுக்கு வரும். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள் முதலில் செய்தது விமான ப்ரொப்பெல்லர், பிறகு கிணற்றுப் பம்பு, அப்புறம்தான் தொட்டி. நடுவே ஜெட் படகுகளுக்கும் பம்பு செய்தார்கள். போட்டிக்கு நின்ற பெர்க்லி நிறுவனமும் கலிபோர்னியாவில் பாசனப் பம்பு செய்து பெயரெடுத்ததுதான்.

◆ 1970-களின் அமெரிக்க ஜெட் படகுகள் பலவற்றில் ஃபோர்டு 460, செவ்ரோலே 454, ஓல்ட்ஸ்மொபைல் 455 என்று பெரிய வி-8 எஞ்சின்கள் இருக்கும். எண்கள் கன அங்குலக் கொள்ளளவைக் குறிப்பவை. பின்னால் பெரும்பாலும் பெர்க்லி பம்பு. எந்த இம்பெல்லரை எத்தனை ஆர்.பி.எம்.மில் சுழற்ற எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று அந்த நிறுவனம் வரைபடமே போட்டுக் கொடுத்தது. அதாவது, முழு த்ராட்டிலில் டாக்கோமீட்டர் காட்டும் எண்ணை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் எஞ்சினின் உண்மையான திறன் தெரிந்துவிடும். தனியாகச் சோதனை மேடை எதுவும் வேண்டாம்; பம்பே அளந்து சொல்கிறது.

இம்பெல்லர் வாங்குவதா வேண்டாமா என்பதற்குப் பதில் அங்கேதான் கிடக்கிறது. அந்த எஞ்சினுக்கு வர வேண்டிய ஆர்.பி.எம். வரவில்லையா? கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன் என்று எஞ்சின் பக்கம் போங்கள். அந்த நிலையில் சின்ன இம்பெல்லரை மாட்டினால் முள் மேலே ஏறும், மனசும் குளிரும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். ஆர்.பி.எம். எகிறுகிறது, படகு மட்டும் மந்தமா? கோளாறு பம்பில்: தேய்மானம், எங்கிருந்தோ புகும் காற்று, தண்ணீர் நுழையும் கிராதியில் சிக்கிய பாசி. இரண்டு பக்கமும் சரி, இன்னும் ஆசை அடங்கவில்லை என்றால் மட்டும் புது இம்பெல்லரைப் பற்றிப் பேசலாம். ஒரு எச்சரிக்கை: பழைய டாக்கோமீட்டர்கள் கூசாமல் பொய் சொல்லும். முதலில் அதைச் சோதியுங்கள்.

◆ பெர்க்லி இம்பெல்லர்களுக்கு எழுத்துதான் அளவு. ஏ பெரியது, பி, சி அதற்குக் கீழே, ஏஏ எல்லாவற்றுக்கும் மேலே. பெரிய இம்பெல்லர் அதே வேகத்தில் அதிகத் தண்ணீரைத் தள்ளும், அதற்கேற்ற திறனையும் எஞ்சினிடம் கறக்கும். பெரியதைக் கடைசலில் கொடுத்துச் சின்னதாக்கலாம். சின்னதைப் பெரியதாக்க வழியில்லை. அளவு இரண்டுங்கெட்டானாக இருந்தால் பெரியதை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

◆ இம்பெல்லரைவிட வியர் ரிங் முக்கியம் என்பேன். பெர்க்லியில் இம்பெல்லரின் வாயைச் சுற்றி ஒரு வளையம். ஸீ-டூ வகைப் படகுகளில் இறக்கை நுனிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம். மணலும் சரளையும் உள்ளே போனால் முதலில் தேயட்டும் என்றே வைத்த பாகம் இது. வளையத்துக்கும் இம்பெல்லருக்கும் நடுவே மில்லிமீட்டரில் சிறு பகுதிதான் இடைவெளி. அது அகன்றால், அழுத்தி அனுப்பிய தண்ணீரில் ஒரு பங்கு பின்வாங்கி உறிஞ்சும் பக்கத்துக்கே ஓடிவிடும். எஞ்சின் உழைக்கும், பெட்ரோல் தீரும், படகு நகராது. தேய்ந்த வளையத்துக்குள் விலையுயர்ந்த இம்பெல்லரை மாட்டுவது வீண்செலவு. முதலில் ஃபீலர் கேஜை வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். வளையத்தை மாற்றி, பழைய இம்பெல்லரின் மழுங்கிய விளிம்பை அரத்தால் சீர்செய்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் பலருக்குப் புதியது வாங்கும் எண்ணமே போய்விடும்.

◆ 25 டிகிரி செல்சியஸிலும் தண்ணீர் கொதிக்கும், அழுத்தம் வளிமண்டலத்தில் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தால். இறக்கையின் உறிஞ்சும் முகத்தில் அழுத்தம் அவ்வளவு விழுவதுண்டு. அப்போது நீராவிக் குமிழிகள் கிளம்பி, அடுத்த நொடிக்குள் நொறுங்கி, உலோகத்தைக் கொத்திக் குழி பறிக்கும். இதுதான் கேவிட்டேஷன். மழுங்கிய விளிம்பும் அடைத்த கிராதியும் இதைக் கிளப்பிவிடும்.

◆ நவீன ஜெட் படகின் தாயகம் நியூசிலாந்து. மெக்கன்ஸி மேட்டுநிலத்தில் ஐரிஷ்மன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணைக்குச் சொந்தக்காரர் பில் ஹாமில்டன். பண்ணையைச் சுற்றி ஓடிய ஆறுகளோ ஆழமில்லாத சரளைக்கல் ஆறுகள். ப்ரொப்பெல்லர் தட்டாமல் போக வழி தேடி 1950-களில் இறங்கினார். நீருக்கடியில் பீய்ச்சிய ஜெட்டை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்ததும் வேகம் கூடியது. 1960-ல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றை எதிர்த்து ஏறின. 1977-ல் எவரெஸ்ட் புகழ் எட்மண்ட் ஹிலாரி, கங்கையில் கடல்முகத்திலிருந்து மூன்று ஜெட் படகுகளில் மேலேறி நந்தப்பிரயாகை வரை போனார். அங்கே ஓர் அருவி மறித்துவிட்டது.

◆ அலுமினிய இம்பெல்லர் மலிவு, மணலில் சீக்கிரம் தேயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விளிம்பு நீண்ட நாள் கூர்மையாக நிற்கும். இறக்கையை மெலிதாகவும் வார்க்கலாம். நன்னீரில் ஓட்டுபவருக்கு இது நியாயமான செலவு. கடலில் என்றால் யோசியுங்கள்: உப்புநீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினிய உறையும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

◆ கலிபோர்னியா–நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிதான அந்த உயரத்தில், டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினின் திறன் நன்றாகவே குறையும். அங்கேயே ஓட்டுபவர் பிட்ச் (இறக்கைச் சாய்வு) குறைந்த இம்பெல்லருக்கு மாறுவதில் அர்த்தமுண்டு. ஆனால் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் படகென்றால் அந்தக் கவலையே வேண்டாம். 1999 ஜூன் முதல் அவற்றுக்கு அங்கே தடை.

◆ ஸீ-டூ 2012-ல் ஸ்போர்ட் படகுத் தொழிலைக் கைவிட்டது. அதன் பழைய படகுகளில் பலவற்றுக்கு இரண்டு எஞ்சின், இரண்டு பம்பு. வாங்கும்போது செலவும் இரட்டை. ஒன்றை மட்டும் மாற்றினால் இரு பக்கத் தள்ளுவிசையும் ஒத்துப்போகாது. ஆனால் கோளாறு தேடும்போது இதே இரட்டை கைகொடுக்கும். இரண்டு த்ராட்டிலையும் முழுதாகத் திறந்து இரு முட்களையும் பாருங்கள். வலது 300 ஆர்.பி.எம். கூடுதலாகக் காட்டினால், கடைக்குப் போகுமுன் சாவியை எடுத்துவிட்டு, வலப்பக்கக் கிராதிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இம்பெல்லர் தண்டில் பெரும்பாலும் யாரோ தவறவிட்ட ஒரு முழக் கயிறு சுற்றிக்கொண்டிருக்கும்.