பேராயர் தட்டிய கதவுகள்

1974-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ஒரு பிரிட்டிஷ் தம்பதி ஊருக்குக் கிளம்பினார்கள். இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை. அவ்வளவுதான் சுமை. விமானம் ஏறவில்லை. கிடைத்த பேருந்துகளில் மாறி மாறி ஏறி, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக இரண்டு மாதத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். கணவருக்கு வயது 64. பெயர் லெஸ்லி நியூபிகின். சென்னைப் பேராயர் பதவியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். 1936-இல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே பேருந்து விபத்தில் கால் முறிந்து, பல அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டவர் அவர். அதே மனிதர்தான் பேருந்திலேயே ஊர் திரும்பினார்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள அமராவதிபுதூர் பக்கத்துக்கும் இவருக்கும் ஓர் உறவு உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயரானவர் நியூபிகின். அப்போது அவருக்கு வயது 37. சிவகங்கை தனி மாவட்டமாக 1985-இல்தான் பிரிந்தது. அதுவரை காரைக்குடியும் அமராவதிபுதூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. நியூபிகின் தமிழ் கற்று, தமிழிலேயே பிரசங்கம் செய்தவர். அவர் கிராமத்துக்கு வந்தால் மேளமும் மாலையுமாக ஊரே எதிர்கொண்டு அழைக்கும்.

அந்த மாலைகளை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படிக்க வேண்டும்.

இங்கிலாந்து திரும்பிய பின், பர்மிங்காமில் சில ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தினார். அந்நகரின் வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே ஒரு சிறிய தேவாலயம் இருந்தது. வேலையில்லாதவர்களும், கரீபியன் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குடியேறியவர்களும் நிறைந்த இடம். ஆராதனைக்கு வருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்ததால், தேவாலயத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. நியூபிகின் எதிர்த்தார். இப்படிப்பட்ட இடத்தைக் கைவிட்டால் திருச்சபைக்கு ஊழியம் என்ற சொல்லையே உச்சரிக்க உரிமை இல்லை என்பது அவர் வாதம். சரி, அங்கே யார் போவது? 1980-இல் அவரே போனார். வயது 70.

பஞ்சாபைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவருடன் வீடு வீடாக நடந்தார். இந்திய வீடுகளில் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். சொந்த இனத்தவர் வீடுகளில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். இந்தியாவில் சந்தித்த எதிர்ப்பைவிட இந்த அலட்சியம் கடினமானது என்று பின்னர் எழுதினார்.

பணி ஓய்வுக்குப் பின் தொண்டுக்கு வருபவர்களுக்கு நேரமும் உடல்நலமும்தான் சிக்கல் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையான சிக்கல் வேறு. முப்பது ஆண்டுகள் 'சார்' என்றும் 'ஐயா' என்றும் கேட்டுப் பழகிய காது, தன்னை யாரென்றே தெரியாதவர் வாசலில் நின்றாக வேண்டும். பதவியைக் கழற்றி வைப்பது, சட்டையைக் கழற்றி வைப்பது போல அத்தனை சுலபமல்ல.

அப்படிக் கழற்றி வைத்த இன்னொருவரும் உண்டு. அமெரிக்க அதிபர் பதவியை 1981-இல் விட்ட ஜிம்மி கார்ட்டர், 1984 முதல் 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' தொண்டு நிறுவனத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டும் வேலையில் இறங்கினார். கொடியசைத்துத் தொடங்கி வைத்துவிட்டுப் போகவில்லை. சுத்தியலைக் கையில் எடுத்தார். 2006-இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகேயும் வந்து வேலை செய்தார். சொந்த ஊர் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி வகுப்பும் எடுத்து வந்தார். நம் ஊர்க் கத்தோலிக்கப் பங்குகளிலும் வின்சென்ட் தே பவுல் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் பார்க்கலாம். அரிசிப் பையோடு அவர்கள் ஏழை வீடுகளுக்குப் போவதை யாரும் படம் பிடிப்பதில்லை.

நியூபிகின் வின்சன் கிரீனில் 1988 வரை ஊழியம் செய்தார். பிறகு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1998 ஜனவரியில் காலமானார். கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கிவிட்டது. வாசிக்காமல் இருக்க முடியாத அந்த மனிதருக்கு, கிங்ஸ் கல்லூரி மாணவர்கள் வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள்.