ஒத்த உருவும் வேற்று நோயும்

காவிரி பாயும் நம் தஞ்சை வயல்களில் நெல்லோடு முளைக்கும் குதிரைவாலிப் புல், இளமையில் நெல்லேபோலத் தோன்றும். இலையும் தாளும் கூடுமிடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாவொன்று உண்டு. அப்புல்லுக்கு அஃது இல்லை. உருவால் மயங்குவார்க்கு அவ்வுறுப்பே தெளிவு தரும். இத்தகைய மயக்கம் மருத்துவர்க்கும் நேர்வதுண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வலிப்புற்றார் மூளையைப் படமெடுக்குங்கால், சிலர்க்கு மோதிரம் போன்ற சிறு வளையமொன்று தென்படும். நம் நாட்டில் அதற்குப் பெருங்காரணங்கள் இரண்டு: ஒன்று காசநோய்க் கட்டி, மற்றொன்று பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு. இப்புழுவின் முட்டை மனித மலத்தினின்று நீரிலும் காய்கறியிலும் சேர்ந்து உடலுட் புகும். ஆதலின் ஊன் உண்ணாதாரையும் இந்நோய் விடாது. காசமாயின் பல மாதங்கள் மருந்துண்ணல் வேண்டும்; அம்மருந்துகள் சிலர்க்கு ஈரலைத் தாக்கும். ஒற்றைச் சிறு புழுக்கூடோ பெரும்பாலும் தானே கரைந்துபோம். வேற்றுமை அறியாவிடின், வேண்டாத மருந்தால் ஒருவர் வருந்துவர். வேண்டிய மருந்தின்றி மற்றொருவர் மடியவும் கூடும்.

முன்னாளில் இவ்வளையங்களைக் காசமென்றே பலர் கருதினர். அவற்றுட் பல புழுக்கூடே என்பதை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1989-இல் எடுத்துக்காட்டினர். 1993-இல் அக்கல்லூரி மருத்துவர் இராஜசேகர், சாண்டி முதலியோர், வெட்டாமலே பிரித்தறியும் அடையாளங்களை வகுத்தனர். சி.டி. படத்தில் வளையம் 20 மில்லிமீட்டருக்குட்பட்டு, விளிம்பு ஒழுங்காய், மூளையின் நடுக்கோட்டை நகர்த்தாது இருத்தலும், நோயாளியிடம் வளர்ந்துவரும் உறுப்புத் தளர்ச்சி இன்மையும் அவற்றுட் சில.

எம்.ஆர்.ஐ. இன்னும் நுணுகி நோக்குவது. மெல்லிய அடுக்குகளாக எடுத்த படத்திற் கூட்டினுள்ளே புழுவின் தலை புள்ளியாய்த் தோன்றின், ஐயம் அகலும். நிறமாலை முறையோ உருவை விடுத்து, உள்ளிருக்கும் பொருளை ஆராயும்; காசக் கட்டியிற் கொழுப்பின் குறி மிகுந்து தோன்றும். நீரணுக்களின் இயக்கத்தை அளக்கும் முறையொன்றும் உண்டு. சீழ்க்கட்டியின் தடித்த சீழில் அவை எளிதில் இயங்கா. அழுகிய புற்றுக்கட்டியின் உட்குழிவிற் பெரும்பாலும் தடையின்றி இயங்கும்.

ஆயினும் எம்முறையும் தனித்து முடிவு கூறாது. புற்றுக்கட்டியிலும் கொழுப்பின் குறி தோன்றலாம். ஆகவே அறிவுடை மருத்துவர் படத்தோடு நோயாளியின் உடலையும், மார்பையும், நோய் வந்த வரலாற்றையும் சேர்த்தே நோக்குவர். உருவொன்றையே கண்டு துணியாமை நோயாளியின் உயிரைக் காக்கும்.