மாற்றுச் சிறுநீரகமும் மாறாத காவலும்

ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்துதல் இக்காலத்தில் வியப்பிற்குரிய செயலன்று. ஆயினும், சத்திரசிகிச்சை இனிது முடிந்ததும் துன்பம் முழுவதும் தீர்ந்ததெனக் கருதுதல் பொருந்தாது. அதன்பின் நோயாளி எதிர்நோக்கும் இடர்கள் யாவை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1954 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், வைத்தியர் ஜோசப் மறே தலைமையில் றிச்சாட் ஹெறிக் என்பாருக்கு அவருடைய சகோதரர் ரொனால்டின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. நீடித்த வெற்றி கண்ட முதற் சிகிச்சை இதுவே. இருவரும் உருவொத்த இரட்டையராதலின், றிச்சாட்டின் உடல் அவ்வுறுப்பை அயற்பொருளென விலக்கவில்லை. எனினும், அவரைப் பற்றியிருந்த பழைய சிறுநீரக அழற்சி புதிய உறுப்பிலும் தோன்றியது. எட்டாண்டுகள் வாழ்ந்து 1963 இல் அவர் இறந்தார்.

இரட்டையரல்லாதார்க்கு இடர் இதனினும் பெரிது. நோய்க்கிருமிகளை அழிக்கும் நிர்ப்பீடன ஆற்றல், அயலாரின் உறுப்பையும் பகையெனக் கொண்டு தாக்கும். இதனைத் தடுக்க 1960களில் அசாதயோபிறினும், பின்னர் மண்ணில் வாழும் பூஞ்சணத்தினின்று பெற்ற சைக்கிளோஸ்போரினும் பயன்பட்டன. இத்தகைய மருந்துகளாலேயே இன்று தேர்ந்த நிலையங்களிற் பொருத்தப்படும் சிறுநீரகங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை முதலாண்டைக் கடக்கின்றன.

ஆயின், விருந்தினரைத் தாக்காதிருக்கும்படி உறங்கவைத்த காவலன், கள்வன் வரினும் விழித்தெழான். முதற் சில மாதங்களில் வைரசும் பூஞ்சணமும் எளிதிற் பற்றும். உடலில் ஒடுங்கிக் கிடந்த காசநோயும் மீண்டும் தலைதூக்கலாம். ஆண்டுகள் செல்லத் தோலிலும் நிணநீர்த் தொகுதியிலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகும். சில மருந்துகள் நீரிழிவையும் உயர்குருதியமுக்கத்தையும் விளைவிக்கும். சைக்கிளோஸ்போரினோ, தான் காக்கவந்த சிறுநீரகத்தையே மெல்லமெல்லச் சிதைக்கவும் வல்லது. மாற்றுறுப்புச் செவ்வனே இயங்கிக்கொண்டிருக்கையில் இருதயநோயால் இறப்போரும் பலர்.

எனவே மருந்து மிகின் கிருமி வெல்லும். குறையின் உடல் உறுப்பை விலக்கும். இவ்விரண்டிற்கும் இடையே அளவறிந்து மருந்தளித்தலே வைத்தியரின் திறமை. நோயாளியின் கடமையும் சிறிதன்று. நலம் பெற்றுவிட்டோம் என்றெண்ணி மருந்தை நிறுத்துவோர் தம் சிறுநீரகத்தையே இழக்க நேரிடும். உறுப்பு விலக்கம் பெரும்பாலும் நோவின்றித் தொடங்குவதாதலின், உடல் உணராததைக் குருதியிலுள்ள கிரியற்றினின் அளவே முதலில் உணர்த்தும். இதனாலேயே, நோயற்றவர் போலத் தோன்றும் காலத்தும் தவணை தவறாது குருதிப் பரிசோதனை செய்தல் இன்றியமையாததாகின்றது.

இத்துணை இடர்கள் உளவெனினும், இயந்திரத்தாற் குருதி சுத்திகரித்து வாழ்வோரினும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் பொதுவாக நெடிது வாழ்கின்றனர். ஒருவர் மனமுவந்து ஈந்த உறுப்பைப் பெற்றோர், அதனை நாடோறும் பேணிக் காத்தலே அவ்வீகைக்குச் செய்யத்தக்க கைம்மாறாகும்.