ஒரு மலருக்கு ஒரு வாய்

பூச்சாடி என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது அகன்ற வாயுடைய ஒரு குடுவையும், அதில் நெருக்கித் திணிக்கப்பட்ட மலர்க்கொத்துமே. அந்த நெரிசலில் எந்த மலரின் முகமும் தெரிவதில்லை. மலரின் இயல்பறிந்து கலத்தை வடிக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டியோர் இருவர்: உதுமானியத் துருக்கியரும் ஆலந்து நாட்டினரும். இருவரையும் இணைத்தது துலிப் மலர்.

துருக்கியர் அதனை 'லாலே' என்பர். அரபு எழுத்தில் வரையும்போது, 'அல்லாஹ்' எனும் திருப்பெயரின் அதே எழுத்துகளே இடம் மாறி இச்சொல்லில் அமைகின்றன. இதனாலும் அம்மலர் அவர்கள் உள்ளத்தில் தனியிடம் பெற்றது. இஸ்தான்புல் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் 16ஆம் நூற்றாண்டு இஸ்னிக் ஓடுகளில் துலிப் மலர்களை இன்றும் காணலாம்.

துலிப்புக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. கொய்த பின்னரும் அதன் தண்டு வளரும். ஒளியை நாடி வளையும். அகன்ற கலத்தில் அது துவண்டு சாயும். எனவே உதுமானியர் நீண்டு ஒடுங்கிய கழுத்துடைய கண்ணாடிக் குடுவையில் ஒரே ஒரு மலரை நிறுத்தினர். கழுத்தே தண்டுக்கு ஊன்றுகோலாயிற்று.

1593இல் லெய்டன் நகருக்கு வந்த தாவர அறிஞர் குளூசியஸ், அங்குள்ள பல்கலைக்கழகத் தோட்டத்தில் துலிப்பை வளர்த்தார். பின்னர் ஆலந்து முழுவதும் அம்மலர் மீது மோகம் பரவியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெல்ஃப்ட் நகர மட்கலக் கலைஞர்கள் வியத்தகு பூக்கலங்களைப் படைத்தனர். வெண்ணிற மெருகின்மேல் நீல ஓவியம். ஒரு மீட்டருக்கும் மிகுந்த உயரம். கோபுரம் போன்ற அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் தனக்கெனத் தண்ணீர் கொண்ட தனிக்கலம். அவற்றின் மூலைகளில் சிறு குழல்கள். சிலவற்றில் அவை விலங்கின் திறந்த வாயாகவே வடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றிரண்டு மலர்களே. துலிப் மட்டுமன்றிப் பிற மலர்களும் அவற்றை அணி செய்தன. இங்கிலாந்து அரசி இரண்டாம் மேரி இவற்றைப் பெரிதும் விரும்பினார். அவருக்காகச் செய்யப்பட்ட சில கலங்கள் இன்றும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் உள்ளன.

ஆனால் அழகு அளவை மீறினால் என்னாகும்? துலிப் கிழங்குகளைச் சூதாட்டம் போல் விலையேற்றிய ஆலந்து வணிகம் 1637இல் சரிந்தது. உதுமானியரின் 'துலிப் காலம்' 1718 முதல் 1730 வரை நீடித்தது. அரண்மனையின் ஆடம்பரமும் மக்களின் சினத்தைத் தூண்ட, 1730இல் கிளர்ச்சி வெடித்தது. தலைமை அமைச்சர் இப்ராஹீம் பாஷா உயிரிழந்தார். சுல்தான் மூன்றாம் அஹ்மத் அரியணை இழந்தார். ஒற்றை மலரின் எளிமையை உணர்ந்த அவையே அந்த எளிமையை வாழ்வில் மறந்ததுதான் வேதனை.

சகோதரிகளே! விலையுயர்ந்த சாடி நமக்குத் தேவையில்லை. ஒடுங்கிய வாயுடைய சிறு மண்குடுவை ஒன்று போதும். தண்டின் நுனியைச் சாய்வாக நறுக்குங்கள். நீரில் மூழ்கும் இலைகளை அகற்றுங்கள். நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். குடுவையில் சித்திரம் மிகுந்திருந்தால் ஒரு நிற மலரே பொருந்தும். குடுவை எளியதாயின் பல நிறங்கள் சேரலாம். கலம் மலரோடு போட்டியிடலாகாது. அதனைத் தாங்கி நிற்க வேண்டும். இல்லத்தில் ஒரு மலர் தலைநிமிர்ந்து நின்றாலே போதும். அந்த அறை முழுவதும் மலர்ந்துவிடும்.