பழைய வேனுக்குப் புது மெத்தை

பழைய வண்டியைச் சீர் பண்ணுவது என்றாலே அது ஆம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்கிக் கொள்கிறோம். என்ஜின் வேலை வேண்டுமானால் அப்படி இருக்கட்டும். ஆனால் சீட்டு, தரை, தையல், துரு சுரண்டுவது... இதெல்லாம் தையல் மிஷினும் பொறுமையும் இருக்கிற எந்தப் பெண்ணுக்கும் கைக்கு அடங்குகிற வேலைதான் சகோதரிகளே!

எங்கள் வீட்டில் நிற்பது ஆம்னி வேன். 1984-ல் மாருதி வேன் என்று வந்து, 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-ல் தயாரிப்பே நின்று போன வண்டி. எங்களுடையது 2009 மாடல். 15 வருஷம் முடிந்து, பசுமை வரியும் கட்டி, 5 வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறோம். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று அக்கம் பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை. வாங்கலாம்தான், பணம் யார் கொடுப்பது?

வாங்க முடியாததற்கு இன்னொரு காரணம் அத்தை. என் மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு 40 கிலோமீட்டர். நாலு மணி நேரம் மிஷினில் கிடந்துவிட்டு வரும்போது பிரஷர் இறங்கி, கால் குரக்களி பிடித்து, நிற்கவே தெம்பிருக்காது. இழுத்துத் திறக்கிற அகலக் கதவு, உயரம் குறைவான படி... அவர் ஏறி இறங்க இதைவிடத் தோதான வண்டி எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆனால் பின் சீட்டில் ஸ்பிரிங் வெளியே வந்து, "ஏங்கண்ணு, முதுகுல குத்துது" என்று ஒவ்வொரு முறையும் முனகுவார். போதாக்குறைக்கு ஊசல் நாற்றம். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, பூஞ்சை பிடித்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொன்னதும்தான் எனக்குச் சுருக்கென்றது.

சீட் கவர் கடையில் விசாரித்தோம். பின் சீட்டுக்கும் தரைக்கும் மட்டும் 19 ஆயிரம் கேட்டார்கள். "ஏனுங்க, நானே பண்றேன்" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

நாற்றம் சீட்டிலிருந்து வருகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். அது தரையிலிருந்து வருவது. ரப்பர் மேட்டைத் தூக்கினால் கீழே ஈரம், துரு, என்றோ சிந்திய பால், எலிப் புழுக்கை! ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் புது மெத்தை போட்டால் ஆறே மாதத்தில் பழைய கதைதான். அதற்கு ஒரு வழி உண்டு. பையனை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்துக் கதவுகளை மூடிவிட்டு, வெளியிலிருந்து குடம் குடமாகக் கண்ணாடி ஓரத்திலும் கதவு மேலேயும் மெதுவாக ஊற்றினேன். "அம்மா, இங்க சொட்டுது!" என்று இரண்டு இடம் காட்டினான். இரண்டுமே கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்த இடம். உக்கடத்தில் பழைய உதிரி பாகக் கடைகளுக்குப் பக்கத்திலேயே புது பீடிங் கிடைத்தது. கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து துரு. பின் சீட்டைக் கழற்ற ஸ்பேனர் போதும். போல்ட் அசையவில்லை என்றால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விட்டால் கழன்றுவிடும். தரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு, அதற்கு மேல் எனாமல். மூக்கில் துணி கட்டாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதை மட்டும் டிங்கர் கடைக்கு அனுப்பித் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். பெட்ரோல் வண்டியில் வெல்டிங் நம் வேலை இல்லை, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

இனி சீட்டு. பழைய உறையைக் கிழித்து எறியக் கூடாது. அதுதான் நமக்கு அளவு ஜாக்கெட்! தையலை பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, எது மேலே எது கீழே என்று அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டேன். அடியில் உறையைக் கம்பியோடு சேர்த்து நெருக்கிய சின்ன இரும்பு வளையங்கள் இருக்கும். கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, மாட்டும்போது வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினேன், கனகச்சிதம்.

துணியா ரெக்சினா என்று யோசித்தேன். துணி குளுமை. ஆனால் வரும் வழியில் அத்தைக்குச் சில நாள் வாந்தி வரும். துணி குடித்துவிடும், ரெக்சினைத் துடைத்துவிடலாம். எனவே அடியில் ரெக்சின், அதற்கு மேல் பழைய காட்டன் புடவையில் நாடா வைத்துக் கட்டுகிற உறை இரண்டு செட். ஒன்று துவைக்க, ஒன்று போட.

ரெக்சின் தைப்பது ஜாக்கெட் தைப்பது மாதிரி இல்லை. குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை ஆயுசுக்கும் போகாது, எனவே துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்துக்கொள்ள வேண்டும். 18-ஆம் நம்பர் ஊசி, நைலான் நூல். தையலைப் பொடியாகப் போட்டால் தபால் தலை மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும், கொஞ்சம் நீளத் தையலாகப் போட வேண்டும். மிஷின் பாதம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு நகராது. முகப் பவுடரைக் கொஞ்சம் தடவிவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். மூன்று மடிப்பு சேருகிற மூலைகளில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தேன்.

ஸ்பிரிங்கின் மேல் நேராக ஃபோம் வைத்தால் கம்பி அறுத்துக்கொண்டே வரும். நடுவில் அரிசிச் சாக்கு, பிளாஸ்டிக் சாக்கு அல்ல, சணல் சாக்கு, இரண்டாக மடித்துக் கட்டினேன். அதன் மேல் 40 டென்சிட்டி ஃபோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெதுமெது ஃபோம் வாங்கினால் மூன்று மாதத்தில் பள்ளம் விழும். ஃபோம் ஒட்டுகிற பசையின் நெடி தலையைச் சுற்றும். வாசலில் வைத்துத்தான் ஒட்டினேன், பத்து நாள் கதவெல்லாம் திறந்து போட்டு நெடி போன பிறகே அத்தையை ஏற்றினோம்.

சிலர், "சீட்டை எடுத்துட்டுக் கட்டில் மாதிரிப் பலகை அடிச்சிடுங்க, பெரியம்மா படுத்துக்கலாம்" என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுக்காது. அதைவிட, பிரேக் போட்டால் பலகையில் படுத்திருப்பவரைப் பிடிக்க என்ன இருக்கிறது? சீட்டும் பெல்ட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பெல்ட்டை சாதாரண சோப்புத் தண்ணீரில் மட்டும் துடைத்தேன். பிளீச்சிங் போட்டால் நாடா வலுவிழந்துவிடும்.

அத்தைக்கு இடது கையில் ஃபிஸ்டுலா. அந்தக் கை எதிலும் அழுந்தக் கூடாது. எனவே இடது கதவு வழியாக ஏறி வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்காருகிறார், இடது கை நடுப்பக்கம் வந்துவிடும். மிச்ச ஃபோமில் அந்தக் கைக்கு ஒரு தலையணையும் தைத்தேன். இழுக்கிற கதவின் தண்டவாளத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிக் கொஞ்சம் கிரீஸ் தடவியதில், இப்போது அவரே ஒற்றைக் கையால் திறக்கிறார்.

மொத்தச் செலவு: ரெக்சின் 5 மீட்டர் 1,750, ஃபோம் 2,400, பெயின்ட் வகை 900, பீடிங் 1,300, தரை மேட் 1,500, பசை, நூல், ஊசி, டை எல்லாம் 600, வெல்டிங் 500. ஆக 8,950 ரூபாய். என் கூலி கணக்கில் இல்லை, வழக்கம் போல!

முன் சீட்டு இன்னும் பாக்கி. இந்த வண்டியில் முன் சீட்டைத் தூக்கினால் அடியிலேயே 796 சி.சி. என்ஜின். சூடு தெரியாமல் இருக்கத் தெர்மாகோல் வைக்கச் சொன்னார் ஒருவர். தீப்பிடிக்கிற சாமானை அங்கே வைப்பதாவது! வெப்பம் தாங்கும் அந்த அசல் விரிப்பு கிடைத்தால்தான் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். உக்கடத்தில் ஒரு கடைக்காரர் தை மாதம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.